இருபது பேர் சுமந்த மருந்து



நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. காதுகளைத் துணியால் மூடிக்கொண்டு அதிகாலை ஆராதனைக்கு நடந்தால், அதோடு நம் குளிர்காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே, கடவுள் அனுப்பும் குளிரை மனிதனால் தாங்க இயலுமா என்று 147ஆம் சங்கீதம் எழுப்பும் வினாவை நாம் சற்று விரைவாகவே கடந்து போகிறோம். அந்த வினாவை ஒரு வாரம் முழுவதும் நேருக்கு நேர் சந்தித்த ஓர் ஊரின் வரலாற்றை இவ்வாரச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஊரின் பெயர் நோம். அலாஸ்காவின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே, பெரிங் கடலை நோக்கி நிற்கும் சிற்றூர். ஆண்டு 1925.

கடற்கரை மணலிலேயே பொன் கிடைத்ததால் 1900ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ 20,000 பேர் அங்கே வந்து குவிந்தனர். பொன் அருகியதும் கூட்டமும் கலைந்தது. 1925இல் எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 1,400 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அம்மண்ணின் பூர்வகுடிகள். குளிர்காலம் வந்தால் கடல் உறைந்துவிடும். மறு கோடை வரையில் கப்பல் வராது. சாலை கிடையாது, இருப்புப்பாதையும் கிடையாது. இருந்த ஒரே வழி நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டி. உள்நாட்டில் தொடர்வண்டி நிலையம் இருந்த நெனானா என்னும் இடத்திலிருந்து நோம் வரை 674 மைல், அதாவது 1,085 கிலோமீட்டர். அஞ்சல் பைகள் அந்தத் தொலைவைக் கடக்க வழக்கமாக 25 நாட்கள் ஆகும்.

அவ்வூருக்கு இருந்த ஒரே மருத்துவர் கர்டிஸ் வெல்ச். அவரோடு நான்கு செவிலியர். மருத்துவமனையில் இருந்த தொண்டை அடைப்பான் மருந்து காலாவதியாகிவிட்டதைக் கண்டு, புதிய மருந்து கேட்டு அவர் முன்னரே எழுதியிருந்தார். அது வந்து சேர்வதற்குள் ஆண்டின் கடைசிக் கப்பல் புறப்பட்டுப் போயிற்று. சில நாட்களில் குழந்தைகளுக்குத் தொண்டை வலி வரத் தொடங்கியது. முதலில் சாதாரணத் தொண்டை வீக்கம் போலத்தான் தோன்றியது. ஆனால் குழந்தைகள் இறந்தனர். ஜனவரி நடுவில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்திருப்பதை வெல்ச் கண்டார். நோய் இன்னதென்று அப்போது தெளிவாயிற்று. சிறுவன் பிழைக்கவில்லை. அடுத்து வந்த ஏழு வயதுச் சிறுமிக்கு, வேறு வழியின்றிப் பழைய மருந்தையே செலுத்திப் பார்த்தார். அவளும் இறந்தாள்.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு முத்தடுப்பூசி போடும் இக்காலத்தில், அந்நோயின் பெயரே இளந்தாய்மார் பலருக்குத் தெரியாது. நோய்க்கிருமி சுரக்கும் நஞ்சினால் தொண்டையில் படலம் உருவாகி, மூச்சுக்குழாயை மெல்ல அடைக்கும். குழந்தை விழித்திருக்கும்போதே மூச்சுத் திணறி இறக்கும். அதற்கு முறிமருந்து கண்டவர்களில் முதன்மையானவர் எமில் பேரிங் என்னும் ஜெர்மானியர். மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901இல் இதற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது. அம்மருந்து செய்யப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஒரு குதிரையின் உடலில் நோயின் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். குதிரை அந்த நஞ்சைத் தாங்கி, அதை வெல்லும் பொருளைத் தன் இரத்தத்தில் உண்டாக்கும். பின்பு அந்த இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுப்பார்கள். வேறொன்று நஞ்சை ஏற்றுக்கொண்டு, அதன் இரத்தத்தினால் ஒரு குழந்தை உயிர் பெறுகிறது. பெரிய வியாழன் பிரசங்கத்திற்கு எடுத்துக்காட்டுத் தேடும் இளம் போதகர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 21 மாலை நகரசபை கூடியது. ஊர் தனிமைப்படுத்தப்பட்டது. மறுநாள் வெல்ச் கம்பியில்லாத் தந்தி வழியாக அலாஸ்காவின் நகரங்களுக்கும் வாஷிங்டனுக்கும் செய்தி அனுப்பினார்: கொள்ளைநோய் ஏறத்தாழ உறுதி, பத்து இலட்சம் அலகு மருந்து உடனே வேண்டும்.

அவருடைய அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன், 1918இல், உலகைச் சூறையாடிய இன்ஃபுளூயன்சா காய்ச்சல் நோமுக்கும் வந்தது. அவ்வூரின் பூர்வகுடிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் மடிந்தனர். அதே கரையில் லுத்தரன் அருட்பணி நிலையம் ஒன்றைச் சுற்றி அமைந்த பிரெவிக் என்னும் சிற்றூரில், 80 பேரில் 72 பேர் நவம்பர் மாதத்தின் ஐந்து நாட்களில் இறந்தனர். அவர்கள் அனைவரும் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டனர். போதகர் ஒருவர் தம் சபைப் பதிவேட்டைத் திறந்து, ஐந்து நாட்களில் எழுபத்திரண்டு அடக்கங்களை எழுதுவதை எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து வந்தவர்களின் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அம்மக்களின் உடலில் இல்லை. தந்தி எழுதியபோது வெல்ச்சின் மனத்தில் இருந்தது அந்த 1918தான்.

ஆங்கரேஜ் நகரின் இரயில்வே மருத்துவமனையில் 3,00,000 அலகு மருந்து இருப்பது தெரியவந்தது. போதாதுதான், ஆனால் பெரிய அளவு கப்பலில் வந்து சேரும் வரை சாவைத் தடுத்து நிறுத்தலாம். அதை எப்படிக் கொண்டுவருவது? விமானத்தில் அனுப்பலாம் என்று சிலர் வற்புறுத்தினர். அருகில் இருந்தவை குளிர்காலத்திற்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த விமானங்கள். ஓட்டுபவர் அமரும் இடத்திற்குக் கூரை இல்லை. ஆளுநர் ஸ்காட் போன் நாய்களைத் தேர்ந்தெடுத்தார். குளிரில் அலைக்கழியும் மருந்து ஆறு நாட்களுக்கு மேல் தாங்காது என்பது வெல்ச்சின் கணிப்பு. 25 நாள் பயணத்தை ஆறு நாட்களில் முடிக்க வேண்டும். ஒருவராலும் ஒரே நாய்க்கூட்டத்தாலும் அது ஆகாது. ஆகவே வழிநெடுகச் சத்திரங்களிலும் குடில்களிலும் வண்டியோட்டிகள் நாய்களைப் பூட்டிக் காத்திருக்க, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மருந்து மாறிச் செல்வதென்று முடிவாயிற்று.

ஜனவரி 27 இரவு தொடர்வண்டி நெனானாவுக்கு வந்தது. கண்ணாடிக் குப்பிகள் மெத்தைத் துணியில் சுற்றப்பட்டு ஓர் உலோக உருளைக்குள் இருந்தன. எடை ஏறத்தாழ 9 கிலோ. அதைப் பெற்றுக்கொண்டவர் வில்லியம் ஷானன். அப்போது வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 46 டிகிரி செல்சியஸ். பொழுது விடிந்தபின் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் உடனே புறப்பட்டார். உடல் உறையாதிருக்க வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடினார். அதிகாலை மூன்று மணிக்கு மின்டோ என்னும் இடத்தை அடைந்தபோது அவர் முகத்தின் சில பகுதிகள் கருத்துப் போயிருந்தன. நெருப்பருகில் மருந்துக்குச் சூடு காட்டிவிட்டு, களைத்து வீழ்ந்த மூன்று நாய்களை அங்கே விட்டுவிட்டு மீண்டும் புறப்பட்டார். அந்த நாய்கள் பிழைக்கவில்லை.

அவரிடமிருந்து டொலோவானாவில் மருந்தை வாங்கியவர் எட்கர் கேலண்ட்ஸ். 31 மைல் ஓடி அவர் சத்திரத்தை அடைந்தபோது, வண்டியின் கைப்பிடியோடு உறைந்து ஒட்டிப்போன அவர் கைகளை விடுவிக்கச் சத்திரக்காரர் வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்ததாகச் சொல்லப்படுகிறது. அவருக்குப் பின் இன்னொருவர், அவருக்குப் பின் மற்றொருவர். பிஷப் மவுன்டனிலிருந்து ஓடிய சார்லி எவன்ஸின் முன்னணி நாய்கள் இரண்டும் குளிரில் வீழ்ந்தன. அவர் தாமே முன்னால் நின்று, நாயின் இடத்திலிருந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனார்.

திருமறையில் நாய்க்கு நல்ல பெயர் அரிது. வசைச்சொல்லாகவே அது பெரும்பாலும் வருகிறது. ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசருவின் புண்களை நக்கிய நாய்கள் மட்டும், மனிதர் செய்யாததைச் செய்தனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த வாரத்தில் ஏறத்தாழ 150 நாய்கள் ஓடின. எதற்காக ஓடுகிறோம் என்று அவற்றுள் ஒன்றுக்கும் தெரியாது. பிலேயாமின் கழுதையைக் கொண்டு பேசிய கடவுளுக்கு இது புதிதன்று.

இந்த ஓட்டத்தின் மிகக் கடினமான பகுதியை ஏற்றவர் லியோன்ஹார்ட் செப்பாலா. நார்வேயில் பிறந்து நோமில் குடியேறியவர். அவருடைய எட்டு வயது ஒரே மகள் நோய் பரவிய அவ்வூரில்தான் இருந்தாள். முதல் திட்டத்தின்படி அவர் நோமிலிருந்து புறப்பட்டுப் பாதிவழியில் மருந்தைச் சந்திக்க வேண்டும். அவர் புறப்பட்ட பிறகு திட்டம் மாறியது, கூடுதலாக ஆட்கள் சேர்க்கப்பட்டனர்; தந்தியில்லாப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த அவருக்கு அதைத் தெரிவிக்க வழியில்லை. ஏறத்தாழ 170 மைல் வந்தபின் ஷக்டூலிக் அருகே, எதிரே ஒருவர் சிக்கிக்கொண்ட நாய்களோடு போராடிக்கொண்டிருப்பதைக் கண்டார். நேரமில்லை என்று அவரைக் கடந்து செல்லவிருந்தார். மருந்து தம்மிடம் இருப்பதாக அந்த மனிதர், ஹென்றி ஐவனாஃப், உரக்கக் கூவியதனால்தான் நின்றார். எரிகோ சாலையின் ஆசாரியனும் லேவியனும் நினைவுக்கு வந்தாலும், செப்பாலாவை அவர்களோடு சேர்ப்பது நியாயமாகாது. அவர் விரைந்தது மரிக்கும் குழந்தைகளுக்காக. ஆயினும் இது என்னைச் சிந்திக்க வைக்கிறது. நல்ல நோக்கத்தோடு விரைந்து செல்பவன், தான் தேடிப்போகும் பொருளையே வழியில் கடந்து போய்விடக்கூடும்.

செப்பாலா திரும்பினார். சுற்றிச் செல்லும் கரைவழியை விட்டு, நார்ட்டன் விரிகுடாவின் உறைந்த கடல்மேல், இருளில், புயற்காற்றில் வண்டியை விட்டார். காற்று பனித்தளத்தை உடைத்துக் கடலுக்குள் தள்ளிவிடும் அபாயம் இருந்தது. முன்னணியில் ஓடிய டோகோ என்ற பன்னிரண்டு வயது நாயின் மோப்பத்தையே நம்பினார். அவர் கடந்துபோன பிறகு அந்தத் தளம் உடைந்தது. மருந்தோடு அவர் ஓடிய தூரம் 91 மைல். வேறு எவரும் அதில் முக்கால் பங்குகூட ஓடவில்லை. அவரிடமிருந்து சார்லி ஓல்சன் 25 மைல் கொண்டு சென்று, பிளஃப் என்னும் இடத்தில் குன்னார் காசென் கையில் ஒப்படைத்தார்.

காசென் ஓடியது பனிப்புயலின் நடுவே. வண்டிக்கு மிக அருகில் பூட்டியிருந்த நாய்களே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் காற்று வண்டியைக் கவிழ்த்தது; மருந்து உருளை பனியில் புதைந்தது. வெறுங்கைகளால் துழாவி அதை எடுத்தார். கடைசிக் குடிலில் அவரிடமிருந்து மருந்தைப் பெற வேண்டிய எட் ரோன், புயலினால் காசென் பின்னாலேயே தங்கிவிட்டார் என்று எண்ணி உறங்கிக்கொண்டிருந்தார். குடிலில் விளக்கில்லை. அவரை எழுப்பி நாய்களைப் பூட்டும் நேரத்தில் போய்ச் சேரலாம் என்று காசென் நிற்காமல் ஓடினார். புகழுக்காகவே அப்படிச் செய்தார் என்று பின்னாளில் சிலர் பேசினர். ஒரு மனிதனின் உள்ளத்தை அந்த இருளில் நின்று யார் வாசித்தார்? பிப்ரவரி 2, விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர் நோமின் தெருவில் நுழைந்தார். புறப்பட்டு 127½ மணி நேரம். ஒரு குப்பிகூட உடையவில்லை. உறைந்திருந்த மருந்து நண்பகலுக்குள் இளகிக் குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. பதினைந்தாம் தேதி அடுத்த தொகுதி மருந்தும் நாய்களாலேயே வந்து சேர்ந்தது. பிப்ரவரி 21இல் ஊரின் தனிமை நீங்கியது.

பெரும்பாலானவர்கள் வரலாற்றை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதன்பின் நடந்ததே முக்கியமாகப் படுகிறது.

வந்து சேர்ந்த வண்டியின் முன்னணியில் பால்டோ என்ற நாய் நின்றது. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அதே 1925 டிசம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். டோகோவின் பெயர் பின்னுக்குப் போயிற்று; அது செப்பாலாவை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. பால்டோவுக்குத்தான் அந்தப் புகழ் நன்மை செய்ததா? இரண்டு ஆண்டுகளில் அது லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மலிவான காட்சிக்கூடத்தில் கட்டிக்கிடந்தது. கிளீவ்லாந்து நகர மக்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, காசு சேர்த்து அதையும் தோழ நாய்கள் ஆறையும் மீட்டனர். சிலை ஒரு நகரத்தில் நின்றது. சிலைக்குரியது இன்னொரு நகரத்தில் பட்டினி கிடந்தது.

மனிதர்கள் கதையும் அதுவே. இருபது வண்டியோட்டிகளில் பெரும்பான்மையோர் பூர்வகுடியினரும் பூர்வகுடித் தாய்மாருக்குப் பிறந்தவர்களும் ஆவர். பாதிக்கும் மேற்பட்ட தூரத்தை ஓடியவர்கள் அவர்கள். பதக்கம் அவர்களுக்கும் கிடைத்தது. புகைப்படக்காரர்கள் அவர்களைத் தேடிப் போகவில்லை. இறந்தவர்களின் கணக்கிலும் இதே குறை. அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 5 முதல் 7 வரை என்றுதான் நிற்கிறது. ஊருக்கு வெளியே பூர்வகுடிகளின் முகாம்களில் நூறு குழந்தைகளாவது இறந்திருக்கக்கூடும் என்று வெல்ச்சே பின்னாளில் கருதினார். அவர்களைப் பெற்றோர் யாருக்கும் அறிவிக்காமலே அடக்கம் செய்திருந்தனர். மீட்பின் கதையாக நாம் மகிழ்ந்து சொல்லும் இந்நிகழ்வின் ஓரத்தில், பெயரோ எண்ணோ இல்லாத சிறு கல்லறைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மரபு என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் பரதோசிஸ். கையிலிருந்து கைக்கு ஒப்படைப்பது என்பதே அதன் பொருள். தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகப் பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதும்போது இதன் வினைச்சொல்லையே கையாளுகிறார். யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததற்கும் நற்செய்தியாளர்கள் வழங்கும் சொல் அதுவே. ஒப்படைப்பதற்கும் காட்டிக்கொடுப்பதற்கும் ஒரே சொல் என்பதை இறையியல் கல்லூரியில் முதன்முதலாகப் படித்த நாளில் இலக்கண விந்தையாக மட்டுமே கண்டேன். நம் கையில் வந்திருப்பதைக் கொண்டுதான் இரண்டையும் செய்ய முடியும் என்பதை ஊழியத்தின் ஆண்டுகள் கற்பித்தன.

நம் ஆலயச் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் பாருங்கள். அடிக்கல் நாட்டிய பேராயர், திறந்துவைத்த பேராயர், அப்போதைய குருவானவர். முதல் வரியும் கடைசி வரியும் இருக்கின்றன. இடையில் ஊர் ஊராக நடந்த உபதேசியார் எங்கே? வீட்டு வாசல்களில் அமர்ந்து பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்பித்த வேதாகமப் பெண்கள் எங்கே? நம்மிடம் வந்து சேர்ந்த நற்செய்தி, நெனானாவிலிருந்து நோமுக்கு ஒரே ஆள் கொண்டுவந்தது போலவா வந்தது?

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை நாம் பொதுவாகத் தாண்டிவிடுவோம்; பெயர்கள்தானே என்று. இறையியலின் சிகரமான அந்நிருபத்தைப் பவுல் முடிக்கும்போது இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியு என்பவரும் நடுவில் தலைகாட்டித் தம் வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறார். அந்த அதிகாரத்தை வாசிக்கும் விதமாகவே, மருந்தைச் சுமந்தவர்களின் பெயர்களை, சுமந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். அவசரமின்றி வாசியுங்கள்.

வில்லியம் ஷானன், எட்கர் கேலண்ட்ஸ், டான் கிரீன், ஜானி ஃபோல்ஜர், சாம் ஜோசப், டைட்டஸ் நிக்கோலாய், டேவ் கோர்னிங், ஹாரி பிட்கா, பில் மெக்கார்ட்டி, எட்கர் நோல்னர், ஜார்ஜ் நோல்னர், சார்லி எவன்ஸ், டாமி பாட்சி, ஜாக்ஸ்க்ரூ, விக்டர் அனாகிக், மைல்ஸ் கொனங்னன், ஹென்றி ஐவனாஃப், லியோன்ஹார்ட் செப்பாலா, சார்லி ஓல்சன், குன்னார் காசென்.

இவர்களுள் கடைசியாக உயிரோடிருந்தவர் எட்கர் நோல்னர். 1999 ஜனவரியில், தம் 94ஆம் வயதில் இறந்தார். வரிசையில் அவர் பத்தாமவர். விஸ்கி கிரீக் என்னும் இடத்தில் பில் மெக்கார்ட்டியிடமிருந்து மருந்தை வாங்கி, கலீனா என்னும் ஊரில் தம் சகோதரன் ஜார்ஜின் கையில் கொடுத்தார். தூரம் 24 மைல்.